மணவாளக்குறிச்சி மணலில் ஒரு தோரியம் அணு: அணுக்கரு விசையும் கதிரியக்கச் சிதைவும், படிப்படியான முழு வழிகாட்டி

குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் கடலோர மணலை ஒரு கை அள்ளிப் பார்த்தால் கறுப்பாக இல்மனைட், சிவப்பாகக் கார்னெட், இடையிடையே தேன் நிறத்தில் சில பொடிக் குருணைகள் தெரியும். அந்தத் தேன் நிறக் குருணைதான் மோனசைட். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் இதைக் கண்டுபிடித்தார். அன்றைக்கு மோனசைட்டுக்கு நல்ல கிராக்கி இருந்தது. எரிவாயு விளக்குகளின் மேண்டில் செய்யத் தோரியம் ஆக்சைடு வேண்டும். தோரியம் மோனசைட்டுக்குள் இருந்தது. நம் ஊர்த் திருவிழாக்களில் எரிந்த பெட்ரோமாக்ஸ் மேண்டிலும் அதே வகைதான்.

அந்தக் குருணைக்குள் இருக்கும் ஒரே ஒரு தோரியம்-232 அணுக்கருவை எடுத்துக்கொண்டு, அது காரீயமாக மாறி ஓயும் வரை பின்தொடர்வோம். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் தெரிந்தால் போதும். கால்குலேட்டரும் ஒரு தாளும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். கதிரியக்கம் படிக்கும் பலரும் தடுமாறுவது, இரண்டு கேள்விகளை ஒன்றாக்கிக்கொள்வதால்தான். ‘இந்த அணுக்கரு சிதைய முடியுமா?’ என்பது ஒரு கேள்வி. ‘எப்போது சிதையும்?’ என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு விடை ஆற்றலின் வரவு செலவில் இருக்கிறது; இரண்டாவதற்கு விடை வழியில் நிற்கும் தடையில் இருக்கிறது. இந்த இரண்டையும் கடைசி வரை தனித்தனியாகவே வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

படி 1: உள்ளே யார் யார் என்று எண்ணுங்கள்

தோரியத்தின் அணு எண் 90, அதாவது 90 புரோட்டான்கள். நிறை எண் 232. மீதி 142-உம் நியூட்ரான்கள். எந்த அணுக்கருவை எடுத்தாலும் முதலில் இந்த மூன்று எண்களையும் எழுதி, நியூட்ரான் எண்ணிக்கையைப் புரோட்டான் எண்ணிக்கையால் வகுத்து வைத்துக்கொள்ளுங்கள். இங்கே 142 ÷ 90 = 1.58. இந்த விகிதம் படி 5-இல் தேவைப்படும்.

அடுத்து, அளவு. அணுக்கருவின் ஆரம் காண எளிய வாய்பாடு: நிறை எண்ணின் கனமூலத்தை 1.2-ஆல் பெருக்கினால் ஃபெம்டோமீட்டரில் விடை வரும். ஒரு ஃபெம்டோமீட்டர் என்பது 10⁻¹⁵ மீட்டர். 232-இன் கனமூலம் 6.14, ஆகவே தோரியம் அணுக்கருவின் ஆரம் 7.4 ஃபெம்டோமீட்டர், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கிட்டத்தட்ட 15.

படி 2: தள்ளும் விசையும் பிடிக்கும் விசையும்

90 புரோட்டான்கள் நேர்மின்சுமையோடு இவ்வளவு நெருக்கத்தில் இருக்கின்றன. எத்தனை சோடிகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன? 90 × 89 ÷ 2 = 4005. ஹீலியத்தில் இது ஒரே ஒரு சோடி. ஒரு சோடியின் மின் விலக்கு ஆற்றலைக் கணக்கிட, 1.44-ஐ ஃபெம்டோமீட்டரில் உள்ள தூரத்தால் வகுத்தால் போதும். விடை மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் வரும். இனி அதை மெ.எ.வோ. என்றே எழுதுகிறேன். 1 ஃபெம்டோமீட்டர் தூரத்தில் 1.44 மெ.எ.வோ., எதிரெதிர் முனைகளில் 15 ஃபெம்டோமீட்டர் தள்ளி நின்றால் ஏறத்தாழ 0.1 மெ.எ.வோ. குறைகிறதே தவிர, அறவே இல்லாமல் போவதில்லை. இந்த ‘அறவே இல்லாமல் போவதில்லை’ என்பதில்தான் பெரிய அணுக்கருக்களின் துயரமெல்லாம் இருக்கிறது.

இதை மீறிப் பிடித்து வைப்பது வலிமைமிக்க அணுக்கரு விசை. 1 ஃபெம்டோமீட்டர் அளவில் இதன் ஈர்ப்பு பல பத்து மெ.எ.வோ. இருக்கும், மின் விலக்கு அதன் முன் நிற்க முடியாது. புரோட்டான், நியூட்ரான் என்ற பேதமும் இதற்குக் கிடையாது. எந்த இரண்டு நியூக்ளியான்களுக்கும் (புரோட்டான், நியூட்ரான் இரண்டுக்கும் பொதுப் பெயர்) இடையில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வேலை செய்யும். ரொம்பவும் நெருங்கினால், அரை ஃபெம்டோமீட்டர் அளவில், இதுவே விலக்கு விசையாக மாறிவிடும். அதனால்தான் அணுக்கரு ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடாமல் இருக்கிறது.

ஆனால் இந்த விசைக்குக் கை நீளம் மிகக் குறைவு. 2, 3 ஃபெம்டோமீட்டரைத் தாண்டினால் இல்லை என்றே சொல்லலாம். ஏன் இவ்வளவு குறைவு? 1935-இல் ஜப்பானின் ஹிதேகி யுகாவா ஒரு விடை சொன்னார்: நியூக்ளியான்கள் நிறை உள்ள ஒரு துகளைப் பரிமாறிக்கொள்கின்றன, துகள் கனமாக இருந்தால் விசையின் வீச்சு குறையும். அந்தத் துகளான பையான் 1947-இல் காஸ்மிக் கதிர்களில் அகப்பட்டது. கணக்கை நீங்களே போடலாம். பிளாங்க் மாறிலியையும் ஒளிவேகத்தையும் சேர்த்துச் சுருக்கிய எண் 197. பையானின் நிறை ஏறத்தாழ 140 மெ.எ.வோ. 197-ஐ 140-ஆல் வகுத்தால் 1.4 ஃபெம்டோமீட்டர். விசை எட்டும் தூரம் வந்துவிட்டது! எத்தனை முறை போட்டாலும் எனக்கு இந்த வகுத்தல் அலுப்பதில்லை. (நியூக்ளியான்களுக்குள் இருப்பவை குவார்க்குகள் என்ற இன்னும் அடிப்படையான துகள்கள் என்பதும், நியூக்ளியான்களுக்கு இடையில் நாம் பார்ப்பது குவார்க்குகளைப் பிணைக்கும் விசையின் கசிவு என்பதும் பிறகு தெரிய வந்தன.)

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தோரியத்தின் ஒரு ஓரத்தில் உள்ள புரோட்டானை அதன் பக்கத்து வீட்டுக்காரர்கள் மட்டுமே பிடித்திருக்கிறார்கள். தள்ளுவதோ மற்ற 89 புரோட்டான்களும் சேர்ந்து. அணுக்கரு பெரிதாகப் பெரிதாகப் பிடிப்பு உயர்வதில்லை, தள்ளு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. நியூக்ளியான் ஒன்றுக்கான பிணைப்பாற்றல் இதைச் சொல்லும்: ஹீலியம்-4-இல் 7.07 மெ.எ.வோ., இரும்பு-56-இல் 8.79, தோரியம்-232-இல் 7.6. இரும்பு, நிக்கல் பக்கம் உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்குகிறது. காரீயத்துக்கு அப்பால் முழுமையாக நிலைத்து நிற்கும் தனிமம் எதுவுமே இல்லை. பிஸ்மத் ஒன்று நிற்கிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். 2003-இல் அதுவும் மிக மிக மெதுவாகச் சிதைவது பிரான்ஸில் அளந்து காட்டப்பட்டது.

படி 3: சிதைய முடியுமா? வரவு செலவு பாருங்கள்

தோரியம்-232 ஓர் ஆல்ஃபா துகளை, அதாவது ஒரு ஹீலியம்-4 அணுக்கருவை வெளியே விட்டால் ரேடியம்-228 ஆகும். நடக்குமா என்று பார்க்க நிறைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அணு நிறை அலகில் தோரியம்-232: 232.03805. ரேடியம்-228: 228.03107. ஹீலியம்-4: 4.00260. பின்னவை இரண்டையும் கூட்டி முதலாவதிலிருந்து கழித்தால் 0.00438 மிச்சம். ஓர் அலகு 931.5 மெ.எ.வோ., ஆக மிச்சம் 4.08 மெ.எ.வோ. விடை நேர்க்குறி, எனவே சிதைய முடியும். எதிர்க்குறி வந்திருந்தால் எத்தனை யுகம் காத்திருந்தாலும் நடக்காது.

ஏன் நான்கு நான்காகப் போகிறது, ஒரு புரோட்டானாகப் போகக் கூடாதா? கூடாது, கட்டுப்படியாகாது. ஒற்றைப் புரோட்டானையோ நியூட்ரானையோ பிடுங்க 6 முதல் 8 மெ.எ.வோ. வரை செலவழிக்க வேண்டும். இரண்டு புரோட்டான், இரண்டு நியூட்ரான் நான்கையும் பிரித்தெடுக்க 24.2 மெ.எ.வோ. செலவு. ஆனால் அந்த நான்கும் ஹீலியமாகச் சேரும்போது 28.3 மெ.எ.வோ. வரவு! அந்த வித்தியாசம்தான் மேலே வந்த 4.08. ஹீலியம்-4 அவ்வளவு இறுக்கமான கட்டு என்பதால்தான் கதிரியக்கத்தில் அது இத்தனை முறை தலைகாட்டுகிறது.

படி 4: எப்போது சிதையும்? மதிலை அளந்து பாருங்கள்

லாபம் இருக்கிறதே, ஏன் உடனே சிதையவில்லை? தோரியம்-232-இன் அரை ஆயுட்காலம், அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம், 1405 கோடி ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயதே 1380 கோடிதான்.

காரணம் ஒரு மதில். வெளியே போகும் ஆல்ஃபாவும் பின்னால் நிற்கும் ரேடியமும் ஒன்றையொன்று தள்ளுகின்றன. ஆனால் அந்தத் தள்ளு பயன்பட வேண்டுமென்றால் ஆல்ஃபா முதலில் அணுக்கரு விசையின் பிடியை விட்டு வெளியே வர வேண்டும். இரண்டும் தொட்டுக்கொண்டு நிற்கும் தூரம் ஏறத்தாழ 9.2 ஃபெம்டோமீட்டர். அங்கே மின் ஆற்றல் 1.44 × 2 × 88 ÷ 9.2, அதாவது 27 மெ.எ.வோ.-வை ஒட்டி. ஆல்ஃபாவின் கையில் இருப்பதோ வெறும் 4.08. அந்த உயரத்தில் மதில் எங்கே முடிகிறது? 1.44 × 2 × 88 ÷ 4.08 = 62 ஃபெம்டோமீட்டர். ஆக ஆல்ஃபா தாண்ட வேண்டிய மதிலின் கனம் 53 ஃபெம்டோமீட்டர், அணுக்கருவின் ஆரத்தைப் போல் ஏழு மடங்கு.

பழைய இயற்பியலில் இதற்கு வழியே இல்லை. 1928-இல் 24 வயது ஜார்ஜ் காமோவும், தனியாக கர்னி, காண்டன் இருவரும் புதிதாகப் பிறந்திருந்த குவாண்டம் இயக்கவியலைக் கொண்டு வழி கண்டார்கள். அலையாகப் பார்த்தால் ஆல்ஃபா மதிலின் விளிம்போடு நின்றுவிடுவதில்லை. மதிலுக்குள் வேகமாகத் தேய்ந்தபடி மறுபக்கம் வரை மிகச் சிறிய அளவில் நீள்கிறது. அந்தச் சிறிய அளவுதான் வெளியே காணப்படுவதற்கான வாய்ப்பு. உள்ளே ஆல்ஃபா நொடிக்கு ஏறத்தாழ 10²¹ முறை மதிலில் மோதுகிறது என்று வைத்துக்கொண்டால், தோரியத்தில் ஒரு தடவை தப்பிக்க 10³⁸ மோதல்களுக்கும் மேல் ஆகிறது.

இங்கே கொஞ்சம் நின்று ஓர் ஒப்பீடு செய்யுங்கள். தோரியம் காரீயமாகும் வரை நடக்கும் சிதைவுத் தொடரில் (படி 7-இல் முழுதாக எழுதுவோம்) முடிவுக்குச் சற்று முன் பொலோனியம்-212 வருகிறது. அதன் ஆல்ஃபா சிதைவில் மிச்சம் 8.95 மெ.எ.வோ.; தோரியத்தைப் போல் இரண்டு மடங்கைக் கொஞ்சம் தாண்டுகிறது. மதிலின் வெளி விளிம்பு 1.44 × 2 × 82 ÷ 8.95 = 26 ஃபெம்டோமீட்டரில் வந்துவிடுகிறது; கனம் 53-இலிருந்து 17 ஆகச் சுருங்குகிறது. அரை ஆயுட்காலம்? 0.3 மைக்ரோநொடி. தோரியத்தின் 1405 கோடி ஆண்டுகளை நொடியாக்கி 0.3 மைக்ரோநொடியால் வகுத்தால் விடை 10²⁴-ஐத் தாண்டும். ஆற்றல் இரண்டு மடங்கு, காலம் கோடி கோடி கோடி மடங்குக்கும் மேல். ‘முடியுமா’ என்ற கேள்விக்கு இரண்டுக்கும் விடை ஒன்றுதான், முடியும். ‘எப்போது’ என்பதில்தான் இந்தப் பாதாளம். முதலில் நான் சொன்ன பிரிவு எதற்கு என்று இந்த எண்களே சொல்லிவிடும்.

படி 5: விகிதம் கெட்டால் பீட்டா

ஆல்ஃபா போகும்போது இரண்டு புரோட்டான், இரண்டு நியூட்ரான் எனச் சமமாகப் போகிறது. மிஞ்சுவதில் விகிதம் மாறிவிடுகிறது. ரேடியம்-228-இல் 140 ÷ 88 = 1.59. நியூட்ரான் கொஞ்சம் கூடிவிட்டது.

நியூட்ரான் கூடினால் நல்லதுதானே, மின் விலக்கு இல்லாத பசைதானே என்று தோன்றும். ஆனால் அணுக்கருவுக்குள் நியூட்ரான்களுக்குத் தனிப் படிக்கட்டு, புரோட்டான்களுக்குத் தனிப் படிக்கட்டு. ஒரே நிலையில் இரண்டு நியூட்ரான்கள் இருக்க முடியாது என்பது பவுலியின் விதி. கீழ்ப்படிகள் நிரம்பிவிட்டால் புதிதாக வருவது மேல்படியில்தான் உட்கார வேண்டும். ஓர் அளவுக்கு மேல் போனால், மேல்படியில் இருக்கும் நியூட்ரான் புரோட்டானாக மாறி அந்தப் பக்கத்துக் காலிப்படியில் இறங்கிவிடுவது லாபமாகிறது.

இந்த மாற்றத்தைச் செய்வது வலிமை குறைந்த அணுக்கரு விசை. நியூட்ரானுக்குள் ஒரு கீழ்க் குவார்க் மேல்க் குவார்க்காக மாறுகிறது. எலக்ட்ரானும் எதிர் நியூட்ரினோவும் வெளியே வருகின்றன. இதுதான் பீட்டா சிதைவு. எலக்ட்ரான் ஏற்கெனவே உள்ளே ஒளிந்திருந்ததாக நினைத்துவிடாதீர்கள், அந்த நொடியில் உண்டாகிறது. இந்த விசையைச் சுமக்கும் டபிள்யூ போசானின் நிறை 80,000 மெ.எ.வோ.-வுக்கும் மேல். படி 2-இன் வகுத்தலை இங்கேயும் போட்டுப் பாருங்கள்: 197 ÷ 80,000, ஃபெம்டோமீட்டரில் ஆயிரத்தில் இரண்டரைப் பங்கு. இவ்வளவு குறுகிய வீச்சு என்பதால்தான் இது ‘வலிமை குறைந்த’ விசை. அந்த போசான் 1983-இல் செர்ன் ஆய்வகத்தில் கண்டுபிடிக்கப்பட்டது.

எதிர் நியூட்ரினோவை மறந்துவிட்டால் கணக்கு இடிக்கும். பீட்டா எலக்ட்ரான்கள் ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு ஆற்றலோடு வந்ததைக் கண்டு ஆற்றல் அழியாமையே பொய்யோ என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு துகள் மீதியை எடுத்துப் போகிறது என்று பவுலி 1930-இல் சொன்னார். 26 ஆண்டுகள் கழித்து, 1956-இல், ரெயின்ஸும் கோவனும் அணு உலை ஒன்றின் அருகே அதைப் பிடித்துக் காட்டினார்கள்.

படி 6: காமா

ஆல்ஃபாவோ பீட்டாவோ போன பிறகு அணுக்கரு பெரும்பாலும் கொஞ்சம் கிளர்ச்சியோடு நிற்கும். அந்த மிச்ச ஆற்றலை ஒளித்துகளாக விட்டு அடங்கும். அதுதான் காமா. அணு எண்ணும் நிறை எண்ணும் மாறாது.

படி 7: முழுத் தொடரையும் எழுதிப் பாருங்கள்

இப்போது தாளில் எழுதுங்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பது அந்தந்த அணுக்கருவின் அரை ஆயுட்காலம். தோரியம்-232, ஆல்ஃபா விட்டு ரேடியம்-228 (5.75 ஆண்டு). அது பீட்டா விட்டு ஆக்டினியம்-228 (6.15 மணி). இன்னொரு பீட்டா, தோரியம்-228 (1.9 ஆண்டு). இங்கே விகிதம் 1.53-க்கு இறங்கிவிட்டது, சரியாகிவிட்டது. அதனால் மீண்டும் ஆல்ஃபா வரிசை: ரேடியம்-224 (3.6 நாள்), ரேடான்-220 (55.6 நொடி), பொலோனியம்-216 (0.15 நொடி), காரீயம்-212 (10.6 மணி). ஒவ்வோர் ஆல்ஃபாவுக்கும் விகிதத்தை வகுத்துப் பாருங்கள்: 1.55, 1.56, 1.57, காரீயம்-212-இல் 1.59. முன்பு ரேடியம்-228 நின்ற இடத்துக்கே வந்துவிட்டோம், ஆகவே பீட்டா. பிஸ்மத்-212 (ஒரு மணி நேரம்).

பிஸ்மத்-212-இல் பாதை பிரிகிறது. 100-இல் 64 தடவை பீட்டா விட்டுப் பொலோனியம்-212 ஆகி, கண நேரத்தில் ஆல்ஃபா விட்டுக் காரீயம்-208 ஆகும். மீதி 36 தடவை முதலில் ஆல்ஃபா விட்டுத் தாலியம்-208 (3 நிமிடம்), பிறகு பீட்டா விட்டு அதே காரீயம்-208. இரண்டாவது வழியில் வரும் காரீயம் 2.61 மெ.எ.வோ. காமாவை விடுகிறது. இயற்கையில் கிடைக்கும் காமாக்களில் மிக ஆற்றல் வாய்ந்தவற்றுள் இது ஒன்று. தோரியம் இருப்பதைக் கண்டுபிடிக்கக் கருவிகள் தேடுவதும் பெரும்பாலும் இதைத்தான்.

சரிபார்க்கும் வழி: நிறை எண் 232-இலிருந்து 208-க்கு, 24 குறைவு, ஓர் ஆல்ஃபாவுக்கு 4 வீதம் 6 ஆல்ஃபா. அணு எண் 90-இலிருந்து 12 போனால் 78. ஆனால் காரீயம் 82, எனவே 4 பீட்டா. மொத்தம் 10 சிதைவுகள். காரீயம்-208-இல் 82 புரோட்டானும் 126 நியூட்ரானும். இரண்டுமே படிக்கட்டில் ஒரு தளம் முழுதாக நிரம்பும் எண்கள். அதனால் அங்கே ஓய்வு.

படி 8: நொடிக்கு எத்தனை?

1899-இல் மான்ட்ரியாலில் ரூதர்ஃபோர்டோடு வேலை செய்த ஓவன்ஸ், தோரியத்தின் கதிர்வீச்சு காற்றோட்டம் பட்டால் மாறுவதைக் கவனித்தார். காரணம், தோரியத்திலிருந்து ஒரு வாயு வெளியேறியது. நாம் மேலே பார்த்த ரேடான்-220. அதன் வீரியம் ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிறது என்று ரூதர்ஃபோர்ட் 1900-இல் எழுதினார். அரை ஆயுட்காலம் என்ற கருத்து வேரூன்றிய இடம் இது.

இதில் முக்கியமானது, அணுக்கருவுக்கு முதுமை கிடையாது. 400 கோடி ஆண்டு பிழைத்த தோரியத்துக்கும் இன்று உண்டானதற்கும் அடுத்த நொடியில் சிதையும் வாய்ப்பு ஒன்றே. வீட்டில் செய்து பார்க்கலாம். தாயம் ஆடத் தேய்ப்பது போல ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்த புளியங்கொட்டை 100 எடுத்து உருட்டுங்கள். வெள்ளை மேலே விழுந்தவற்றை எடுத்துவிட்டு, மீதியை எண்ணி, மறுபடி உருட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் இருப்பதில் ஏறத்தாழ ஒரே பங்கு குறையும். எந்தக் கொட்டை அடுத்தது என்று சொல்ல முடியாது; எத்தனை என்று சொல்ல முடியும்.

வாய்பாடு: ஒரு நொடியில் நடக்கும் சிதைவு = அணுக்களின் எண்ணிக்கை × 0.693 ÷ அரை ஆயுட்காலம் (நொடியில்). 1 கிராம் தோரியத்தில் 6.022 × 10²³ ÷ 232 = 2.6 × 10²¹ அணுக்கள். அரை ஆயுட்காலம் 4.43 × 10¹⁷ நொடி. விடை நொடிக்கு ஏறத்தாழ 4,060.

மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு 9 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால், 1 கிராமில் தோரியம் 0.079 கிராம், நொடிக்கு 320 சிதைவு. ஆனால் அது பழைய பாறையிலிருந்து வந்த குருணை. தொடரில் உள்ள எல்லாரும் சமநிலைக்கு வந்துவிட்டார்கள். ஒரு தோரியம் சிதைந்தால் அடுத்த ஒவ்வொரு படியிலும் சராசரியாக ஒன்று சிதைகிறது. ஆக 10 மடங்கு, நொடிக்கு 3,200. (யுரேனியமும் கொஞ்சம் உண்டு, அதை இங்கே சேர்க்கவில்லை.) இவற்றுள் ஆல்ஃபாவை ஒரு தாள் தடுத்துவிடும், தோலின் மேல் அடுக்கும் தடுத்துவிடும். அதே ஆல்ஃபா, தூசியாகவோ வாயுவாகவோ மூச்சில் உள்ளே போனவற்றிலிருந்து வந்தால் நுரையீரலுக்குக் கெடுதி. மோனசைட்டைப் பொடித்து வேலை செய்யும் இடங்களில் முகமூடியும் காற்றோட்டமும் கட்டாயம் என்பது இதனால்தான்.

படி 9: குருணையைக் கடிகாரமாக்குங்கள்

கடைசிக் கணக்கு. மோனசைட் படிகம் உருவாகும்போது காரீயத்தை உள்ளே அதிகம் சேர்ப்பதில்லை. ஆகவே இன்று அதில் இருக்கும் காரீயம்-208 பெரும்பாலும் தோரியத்திலிருந்து பிறந்தது. காரீயம்-208 அணுக்களின் எண்ணிக்கையைத் தோரியம்-232 அணுக்களின் எண்ணிக்கையால் வகுத்து, 1-ஐக் கூட்டி, இயல்மடக்கை எடுத்து, 2027 கோடி ஆண்டுகளால் பெருக்கினால் படிகத்தின் வயது வரும். 2027 என்பது 1405-ஐ 0.693-ஆல் வகுத்த எண்.

பயிற்சிக்கு ஒரு குருணையில் ஒவ்வொரு 973 தோரியம் அணுவுக்கும் 27 காரீயம்-208 அணு இருப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள். 27 ÷ 973 = 0.0277. 1.0277-இன் இயல்மடக்கை 0.0274. பெருக்கினால் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகள். தென் கேரளத்திலும் குமரி மலைகளிலும் உள்ள பாறைகளின் மோனசைட்டில் மிகுதியாகக் கிடைக்கும் வயது இதை ஒட்டியதுதான். அந்தப் பாறைகள் மழையில் கரைந்து, ஆற்றில் உருண்டு, அலையில் சலித்துக் கரை சேர்ந்த பிறகும் உள்ளே தோரியம் தன் கணக்கை நிறுத்தவில்லை. ஆயிரத்துக்கு 973 அணு இன்னும் மதிலை முட்டிக்கொண்டுதான் இருக்கிறது.